சதர்ன் ராக் குழு ஒன்று குரலைத் தணிக்கும்போது

அமெரிக்க ராக் இசையைப் புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்கள், ஆல்பம் விமர்சனங்களில் அடிக்கடி ஒரே மாதிரியான ஒரு வரியைச் சந்திப்பார்கள். இன்ன சதர்ன் ராக் குழு இந்த முறை ஆரவாரத்தைக் குறைத்து, ஆல்ட்-கன்ட்ரி சாயலில், முதிர்ச்சியான ஓர் ஆல்பத்தைத் தந்திருக்கிறது என்று அந்த வரி சொல்லும். பழகியவர்களுக்கு இது போதும். புதியவர்களுக்கோ இதில் எதுவுமே விளங்காது. இரண்டு இசை மரபுகளின் வரலாறும் ஒரு மதிப்பீடும் இந்த ஒரே வரிக்குள் அடைத்து வைக்கப்பட்டிருப்பதே அதற்குக் காரணம். டிரைவ்-பை டிரக்கர்ஸ் என்ற குழு 2008 ஜனவரியில் வெளியிட்ட 'பிரைட்டர் தேன் கிரியேஷன்ஸ் டார்க்' என்னும் ஆல்பத்தை உதாரணமாகக் கொண்டு, அந்த வரியை ஒவ்வொரு பகுதியாகப் பிரித்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சதர்ன் ராக். ஜார்ஜியா, அலபாமா, புளோரிடா, டென்னசி, மிசிசிப்பி, இரு கரோலினாக்கள் என அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் வளர்ந்த இளைஞர்கள், தம்மைச் சுற்றி ஒலித்த கறுப்பினத்தாரின் ப்ளூஸ், கிராமத்து வெள்ளையினத்தாரின் கன்ட்ரி, தேவாலயப் பாடல்கள் ஆகிய மூன்றையும் மின்கிட்டாரின் உரத்த ஒலியோடு சேர்த்து 1960களின் இறுதியில் உருவாக்கிய வகை இது. 1969இல் புளோரிடாவின் ஜாக்சன்வில்லில் தோன்றி, விரைவிலேயே ஜார்ஜியாவின் மேக்கன் நகரத்தைத் தன் இருப்பிடமாக்கிக்கொண்ட ஆல்மன் பிரதர்ஸ் பேண்ட் இதன் முன்னோடி. டுவேன் ஆல்மன், டிக்கி பெட்ஸ் என்ற இரு முன்னணிக் கிட்டார் கலைஞர்கள் ஒரே மெட்டை இணைகோடுகளாக வாசிப்பதும், இரண்டு டிரம்ஸ் கலைஞர்கள் ஒரே நேரத்தில் தாளம் கொடுப்பதும், மேடையில் ஒரு பாடலை இருபது நிமிடங்களுக்கு மேல் கற்பனையாக விரித்துச் செல்வதும் அவர்களுடைய அடையாளங்கள். அதே ஜாக்சன்வில்லில் இருந்து வந்து 1973இல் முதல் ஆல்பத்தை வெளியிட்ட லினர்ட் ஸ்கினர்ட் குழு, கிட்டார்களை மூன்றாக்கியது. பாடல்களை இன்னும் இறுக்கமாகவும் வானொலிக்கு ஏற்றதாகவும் அமைத்தது. 1977 அக்டோபர் 20 அன்று மிசிசிப்பியில் அவர்களுடைய விமானம் விழுந்து, பாடகர் ரோனி வான் சான்ட் உள்ளிட்டோர் இறந்ததோடு இந்த வகையின் முதல் அலை ஏறக்குறைய ஓய்ந்தது.

சதர்ன் ராக்கில் கிட்டார் துணைக்கருவியாக நிற்பதில்லை; பாடகருக்குச் சமமாக, சில சமயம் அவரையும் மிஞ்சி, அதுவே பேசுகிறது. ஊர்ப்பெருமை இதன் நிரந்தரப் பொருள். அந்தப் பெருமையோடு ஒட்டிக்கொண்டே வந்த நிழலும் உண்டு: அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பின் கொடி, பல ஆண்டுகள் இத்தகைய கச்சேரிகளின் மேடைப் பின்னணியாகத் தொங்கியது. பின்னால் வந்த தலைமுறை இந்த இசையை நேசித்தபோது, அந்தக் கொடியை என்ன செய்வது என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

ஆல்ட்-கன்ட்ரி வேறொரு திசையிலிருந்து வந்தது. கன்ட்ரி இசையின் வணிகத் தலைநகரம் டென்னசியின் நாஷ்வில். 1990களின் தொடக்கத்தில் அங்கே உருவான பாடல்கள் மெருகேறி, விளையாட்டரங்குகளை நிரப்பும் பிரம்மாண்ட நிகழ்ச்சிகளாக மாறிக்கொண்டிருந்தன. அதே காலத்தில் இலினாய் மாநிலத்தின் பெல்வில் என்ற சிறு நகரத்தில், பங்க் என்ற வேகமான, முரட்டு ராக் இசையைக் கேட்டு வளர்ந்த ஜே ஃபரார், ஜெஃப் ட்வீடி என்ற இரு இளைஞர்கள், பழைய கன்ட்ரிப் பாடல்களில் இருந்த வறுமையும் சாவு பயமும் கடவுள் பயமும் தம் ஊரின் மூடப்பட்ட தொழிற்சாலைகளுக்கு மிக நன்றாகப் பொருந்துவதைக் கண்டுகொண்டார்கள். அவர்களுடைய அங்கிள் டுப்பெலோ குழு 1990இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தின் பெயர் 'நோ டிப்ரெஷன்'. கார்ட்டர் குடும்பத்தார் 1930களில் பதிவு செய்த ஒரு பழம்பாடலிலிருந்து எடுத்த பெயர் அது. 1995இல் அதே பெயரில் ஒரு இசைப் பத்திரிகை தொடங்கும் அளவுக்கு அந்த ஆல்பம் ஓர் இயக்கத்தின் கொடியாயிற்று. குழு 1994இல் பிரிந்து, ஃபரார் சன் வோல்ட் குழுவையும் ட்வீடி வில்கோ குழுவையும் தொடங்கினார்கள்.

புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். ஆல்ட்-கன்ட்ரி என்றாலே மென்மையான இசை என்று நினைத்துக்கொள்வார்கள். அங்கிள் டுப்பெலோவின் முதல் ஆல்பத்தைக் கேட்டால் அந்த எண்ணம் முதல் நிமிடத்திலேயே உடைந்துபோகும். அது முரட்டுத்தனமான, வேகமான, இரைச்சலான ஆல்பம். ஆனால் அதே குழு 1992 மார்ச்சில் ஜார்ஜியாவின் ஏதென்ஸ் நகரத்துக்குச் சென்று, ஆர்.ஈ.எம். குழுவின் கிட்டார் கலைஞர் பீட்டர் பக் தயாரிப்பில், ஐந்தே நாட்களில் ஏறக்குறைய முழுவதும் அகூஸ்டிக் கருவிகளால், அதாவது மின்சாரத்தால் ஒலியைப் பெருக்காத கருவிகளால் ஆன ஓர் ஆல்பத்தைப் பதிவு செய்தது. ஆகவே இந்த மரபில் உரத்த ஒலியும் தணிந்த ஒலியும் ஆரம்பத்திலிருந்தே உடன்பிறப்புகள். கன்ட்ரி இசையின் கதைசொல்லும் முறையை, பெருவணிகத்தின் மெருகு இல்லாமல் கையாள்வதுதான் ஆல்ட்-கன்ட்ரியின் உயிர். ஒலியின் அளவு அடுத்தபட்சம்.

இந்த இரு மரபுகளும் சந்திக்கும் இடத்தில் நிற்கிறது டிரைவ்-பை டிரக்கர்ஸ். பேட்டர்சன் ஹூட், மைக் கூலி ஆகிய இருவரும் அலபாமாவின் வடமேற்கு மூலையில் உள்ள மசில் ஷோல்ஸ் வட்டாரத்தைச் சேர்ந்தவர்கள். 1985 முதல் சேர்ந்து வாசித்தவர்கள். 1996இல் ஏதென்ஸ் நகரத்தில் இந்தக் குழுவைத் தொடங்கினார்கள். மசில் ஷோல்ஸ் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ரிக் ஹாலின் ஃபேம் ஒலிப்பதிவுக்கூடமும், அதன் அருகே 1969இல் உள்ளூர் வாத்தியக் கலைஞர்கள் நால்வர் தொடங்கிய மசில் ஷோல்ஸ் சவுண்ட் ஒலிப்பதிவுக்கூடமும், அந்தச் சிற்றூர்களை தேவாலயப் பாட்டின் உருக்கம் கலந்த கறுப்பின இசையான சோலின் புனிதத் தலமாக ஆக்கின. இனப்பிரிவினையின் சூடு ஆறாத மாநிலத்தில், வெள்ளையின வாத்தியக்காரர்கள் கறுப்பினப் பாடகர்களுக்கு வாசித்துக்கொண்டிருந்த அறைகள் அவை. அந்த நால்வரில் பேஸ் கிட்டார் வாசித்த டேவிட் ஹூட், பேட்டர்சன் ஹூடின் தந்தை. டுவேன் ஆல்மன் தன் குழுவைத் தொடங்குவதற்குமுன் சம்பளத்துக்குக் கிட்டார் வாசித்ததும் ஃபேமில்தான். கன்ட்ரி, சோல், ராக் என்று கடைகளில் தனித்தனி அலமாரிகளில் அடுக்கப்படும் இசைகள் அந்த ஊரில் ஒரே அறைக்குள் புழங்கின என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், மேலே சொன்ன திருப்பம் அவ்வளவு வியப்பாகத் தோன்றாது.

குழுவுக்குப் பெயர் வாங்கித் தந்தது 2001இல் வெளியான 'சதர்ன் ராக் ஆப்பெரா'. லினர்ட் ஸ்கினர்டின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் ஒரு கற்பனைக் குழுவின் கதையாக மாற்றி, கூடவே தெற்கின் பெருமையையும் அவமானத்தையும் ஒன்றாக எடுத்துப் பேசிய இரட்டை ஆல்பம் அது. அதன்பின் ஜேசன் இஸ்பெல் என்ற இளம் கிட்டார் கலைஞரும் சேர, 2003, 2004, 2006 ஆண்டுகளின் மூன்று ஆல்பங்களில் மூன்று கிட்டார்களும், பாடல் எழுதும் மூன்று பேரும் என்ற அமைப்பு நிலைத்தது. மூவரும் ஒரே மேடையில் கிட்டார்களை முழங்கவிட்ட அந்தக் காலகட்டத்தைத்தான் பலர் குழுவின் பொற்காலம் என்கிறார்கள். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. இருந்தாலும் என் விருப்பம் அதற்கு அடுத்து வந்ததன் பக்கம்.

2007இல் இஸ்பெல் விலகினார். அதே ஆண்டில் இன்னும் இரண்டு காரியங்கள் நடந்தன. ஆல்பத்தின் ஒலியைப் புரிந்துகொள்ள இந்த இரண்டும் முக்கியம். சோல் பாடகி பெட்டி லாவெட்டின் ஆல்பத்துக்கு, ஃபேம் ஒலிப்பதிவுக்கூடத்தில் இக்குழு பின்னணி வாசித்தது. ஒரு பெரும் பாடகிக்குத் துணையாக வாசிக்கும்போது முதலில் கற்க வேண்டியது எங்கே வாசிக்காமல் இருப்பது என்பதையே. அந்தப் பதிவில் இவர்களோடு இருந்தவர் கீபோர்டு கலைஞர் ஸ்பூனர் ஓல்ட்ஹாம். 1966இல் பெர்சி ஸ்லெட்ஜின் புகழ்பெற்ற காதல் பாடலில் ஒலிக்கும் ஆர்கன் இவருடையது. மறு ஆண்டு சோல் பாடகி அரீத்தா ஃபிராங்க்ளின் ஃபேமில் பாடியபோது மின்பியானோவில் அவருடைய பாடலின் தொடக்கத்தை அமைத்துக் கொடுத்தவரும் இவரே. பிறகு குழு ஓல்ட்ஹாமையும் அழைத்துக்கொண்டு, பெரும்பாலும் அகூஸ்டிக் கருவிகளோடு, அமர்ந்தபடியே வாசிக்கும் ஒரு சுற்றுப்பயணம் சென்றது. புதிய பாடல்கள் பல அந்த மேடைகளில், ஒலி குறைந்த நிலையில்தான் வடிவம் பெற்றன. அதன்பின் ஏதென்ஸில் உள்ள தங்கள் வழக்கமான ஒலிப்பதிவுக்கூடத்தில், தங்கள் வழக்கமான தயாரிப்பாளர் டேவிட் பார்பின் மேற்பார்வையில், அவற்றைப் பதிவு செய்தார்கள்.

ஆல்பத்தில் 19 பாடல்கள். ஹூட் ஒன்பதும் கூலி ஏழும் எழுத, அதுவரை பேஸ் கிட்டார் மட்டும் வாசித்துவந்த ஷோனா டக்கர் முதல்முறையாகத் தன் மூன்று பாடல்களோடு முன்னால் வந்தார். இஸ்பெலின் முன்னணிக் கிட்டார் இருந்த இடத்தை இன்னொரு முன்னணிக் கிட்டாரால் நிரப்பாமல், ஜான் நெஃப் வாசிக்கும் பெடல் ஸ்டீலுக்கு அதில் பெரும்பங்கு தந்ததுதான் ஒலியளவில் நிகழ்ந்த மிகப் பெரிய மாற்றம்.

பெடல் ஸ்டீல் என்ற கருவியைத் தெரியாமல் கன்ட்ரி இசையைக் கேட்க முடியாது. ஹவாய் தீவுகளின் ஸ்டீல் கிட்டாரிலிருந்து வளர்ந்த இது, கால்களின்மேல் நிற்கும் ஒரு மேசை போன்றது. பொதுவாகப் பத்துத் தந்திகள். தந்திகளின்மேல் இடக்கை ஓர் உலோகத் தண்டை நகர்த்த, வலக்கை மீட்ட, பாதமும் முழங்காலும் மிதிகளையும் நெம்புகோல்களையும் அழுத்தித் தனித்தனித் தந்திகளின் சுருதியை ஏற்றி இறக்கும். கோட்டு வாத்தியத்தைக் கேட்டுப் பழகிய காதுக்கு அந்த வழுக்கல் சட்டென்று பிடிபட்டுவிடும். ஆனால் ஒரே நேரத்தில் ஒரு தந்தி அசையாமல் நிற்க, இன்னொன்று அதைவிட்டு மெல்ல விலகிச் செல்வது பெடல் ஸ்டீலுக்கே உரிய வித்தை. மின்கிட்டார் தனி ஆவர்த்தனம் பாடலை நிறுத்திவிட்டுத் தன்னைக் கேட்கச் சொல்லும்; பெடல் ஸ்டீல் பாடகரின் வரி முடிந்து அடுத்த வரி தொடங்கும் இடைவெளிக்குள் நுழைந்து, அவர் சொல்லாமல் விட்டதைச் சொல்லிவிட்டு விலகும். இந்த ஆல்பத்தில் நெஃப் செய்வது பெரும்பாலும் அதைத்தான். ஓல்ட்ஹாமின் கீபோர்டுகளும் அப்படியே: கவனித்துக் கேட்காவிட்டால் அவை இருப்பதே தெரியாது, எடுத்துவிட்டால் பாடல் வறண்டுவிடும்.

கருவிகள் இடம்விட்டால் அந்த இடத்துக்கு வருவது யார்? பாடலில் வரும் மனிதர்கள். முதல் பாடலே இதற்குச் சான்று. 2006ஆம் ஆண்டின் முதல் நாளில், வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரத்தில், இசைக்கலைஞர் ஒருவர் மனைவியோடும் இரு பெண் குழந்தைகளோடும் தம் வீட்டிலேயே கொல்லப்பட்டார். ஹூட் அதைப் பற்றி எழுதிய பாடலில் கொலையோ கொலைகாரர்களோ இல்லை. இறந்தவர் மறுமையில் கண்விழித்து, தன் பெண்களையும் மனைவியையும் நினைத்துப் பார்ப்பதாக மட்டுமே அது செல்கிறது. அதே கதை இதே குழுவின் முந்தைய ஆல்பங்களில் வந்திருந்தால் கிட்டார்கள் வெகுண்டிருக்கும் என்று ஊகிக்கத் தோன்றுகிறது. இங்கே மெட்டு ஏறக்குறைய தாலாட்டின் வேகத்தில் நடக்கிறது. கேட்பவருக்கு நிகழ்ச்சி தெரிந்திருந்தால் அந்த மென்மை தாங்க முடியாததாகிவிடுகிறது. ஒரு ராக் ஆல்பத்தை இப்படித் தொடங்கத் துணிவு வேண்டும்.

மற்ற பாடல்களின் மனிதர்களும் சாகச வீரர்கள் அல்லர். கடனும் குடும்பமும் தலைமேல் இருக்க, எப்படியாவது நேர்வழியில் போய்விட முயலும் ஒரு குடும்பத் தலைவர். திருமணம் செய்துகொள்ளாமல் தாயைக் கவனித்துக்கொண்டு, ஊரார் சற்று விசித்திரமாகப் பார்த்தாலும் தன் போக்கில் நிம்மதியாக வாழும் பாப் என்றொருவர். பெரிய குழு மேடையேறுவதற்குமுன், யாரும் கவனிக்காத நேரத்தில் வாசித்துவிட்டு அடுத்த ஊருக்கு வண்டியோட்டும் இசைக்கலைஞர். ஈராக் போருக்குச் சென்ற கணவன் திரும்புவதற்காகக் காத்திருக்கும் மனைவி. கடைசிப் பாடல், ஜான் ஃபோர்டின் கௌபாய்ப் படங்களுக்குப் பின்னணியாக இருந்த மான்யுமென்ட் பள்ளத்தாக்கை நோக்கிச் செல்கிறது. கூலியின் பாடல்களில் சிரிப்பு அதிகம். பளபளப்பான உடையும் நீண்ட தலைமுடியுமாகத் திரிந்த ஹெவி மெட்டல் குழுக்கள் 1990களின் தொடக்கத்தில் கிரஞ்ச் என்ற அலங்காரமற்ற, கரடுமுரடான ராக் அலை வந்ததும் ஒரே நாளில் காலாவதியானதை அவர் சொல்லும் பாடல், கேலியாகத் தொடங்கி இரக்கத்தில் முடியும் அருமையான எழுத்து. 'லிசாஸ் பர்த்டே' பாடலோ, நடன விடுதிகளில் ஒலித்த பழைய கன்ட்ரியின் அச்சு அசல் வடிவம். அதை யாராவது 1960களின் இசைத்தட்டிலிருந்து எடுத்தது என்று சொன்னால் நம்பிவிடலாம்.

விமர்சகர்கள் முதிர்ச்சி என்று குறிப்பிடுவதை இப்போது இன்னும் திட்டமாகச் சொல்ல முடியும். கலைஞர்களுக்கு வயதாகிவிட்டது என்பது அதன் ஒரு சிறு பகுதிதான். இந்த ஆல்பம் வந்தபோது ஹூடும் கூலியும் நாற்பதை ஒட்டிய வயதினர், பெற்றோர்கள். முக்கியமான மாற்றம் பாடலுக்குள் பேசுபவரின் நிலையில் நிகழ்கிறது. இளமைக்கால ராக் பாடலில் பேசுபவர் ஊரைவிட்டு ஓடுகிறவர், அல்லது ஓடத் துடிக்கிறவர். இங்கே பேசுபவர்கள் ஓடாமல் இருந்துவிட்டவர்கள்; இருந்துவிட்டதன் விளைவுகளோடு வாழ்கிறவர்கள். அவர்கள்மீது தீர்ப்புச் சொல்லும் அவசரமும் எழுத்தில் குறைந்திருக்கிறது. டக்கரின் பாடல்கள் இதற்கு இன்னொரு பரிமாணத்தைத் தருகின்றன. ஆண்களின் குரலே ஆண்டுவந்த ஒரு மரபில், ஒரு பெண் பெரிய கதைகள் எதையும் கட்டாமல், மன்னிப்பையும் தவிப்பையும் நேரடியாகப் பாடுவது ஆல்பத்தின் காற்றை மாற்றிவிடுகிறது. எழுத்தாளராக அவர் இன்னும் தேர்ச்சி பெற வேண்டியிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மூன்றும் சம உயரத்தில் இல்லை.

ஆல்பம் முழுவதும் அமைதியானது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. 'தட் மேன் ஐ ஷாட்' என்ற பாடலில் சதர்ன் ராக்கின் முழு இரைச்சலும் திரும்பி வருகிறது. போர்முனையில் தான் சுட்டுக்கொன்ற மனிதனை மறக்க முடியாமல் தவிக்கும் ஒரு சிப்பாய் அதில் பேசுகிறான். கிட்டார்கள் அலறுகின்றன, ஏனெனில் அவன் தலைக்குள் அலறல் ஓயவில்லை. முன்பு ஒலியின் உச்சமே குழுவின் இயல்பான நிலை. இப்போது அது ஒரு குறிப்பிட்ட மனிதனுக்கு, ஒரு குறிப்பிட்ட காரணத்துக்காக எடுத்துவைத்த கருவி. சுற்றிலும் தணிந்த பாடல்கள் நிற்பதால்தான் அந்த இரைச்சலுக்கு இவ்வளவு கனம் ஏறுகிறது. அந்த ஒரு பாடலை மட்டும் தனியாக எடுத்துக் கேட்டால் பாதிக்குப் பாதி வலு குறைந்துவிடும்.

குறை இல்லாத ஆல்பம் அல்ல இது. ஒரு மணி நேரத்தைத் தாண்டிச் செல்லும் 19 பாடல்களில் நான்கைந்தை நீக்கியிருந்தால் இழப்பு பெரிதாக இருந்திருக்காது. இரண்டாம் பாதியில் ஒரே வேகத்தில் நடக்கும் பாடல்கள் அடுத்தடுத்து வந்து கவனத்தைத் தளரச் செய்கின்றன. பழைய ரசிகர்கள் சிலர் இஸ்பெலின் பாடல்கள் இல்லாத வெறுமையை உணர்ந்தார்கள் என்பதும் நியாயமே. அவர் பின்னர் தனியாக எழுதிய ஆல்பங்கள் எந்த உயரத்தைத் தொட்டன என்பதை அறிந்தவர்களுக்கு அந்த இழப்பின் அளவு புரியும். ஆனால் அவர் தொடர்ந்து இருந்திருந்தால் இவ்வளவு இடம்விட்டு வாசிக்கும் ஓர் ஆல்பம் வந்திருக்குமா என்பது ஐயம்தான்.

கேட்கத் தொடங்குபவர்கள் முதல் பாடலிலிருந்து வரிசையாக 19ஐயும் கேட்டுத் திணற வேண்டியதில்லை. முதலில் ஆல்மன் பிரதர்ஸ் 1971 மார்ச்சில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் நடத்திய நிகழ்ச்சிகளின் பதிவில் ஒரு நீண்ட பாடலைக் கேட்டு, கிட்டார்கள் எவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்கின்றன என்று காதில் பதித்துக்கொள்ளலாம். அடுத்து அங்கிள் டுப்பெலோ ஏதென்ஸில் பதிவு செய்த அகூஸ்டிக் ஆல்பத்தில் இரண்டு பாடல்கள். அதன்பின் இந்த ஆல்பத்தின் தொடக்கப் பாடலையும், கூலியின் 'பெர்ஃபெக்ட் டைமிங்' என்ற சிறிய, எளிய கன்ட்ரிப் பாடலையும், 'தி ஓப்பனிங் ஆக்ட்' பாடலில் பெடல் ஸ்டீல் எங்கே வருகிறது, எங்கே ஒதுங்குகிறது என்பதையும் கவனிக்கலாம். 'தட் மேன் ஐ ஷாட்' இவற்றுக்குப் பிறகு வரட்டும். பிடித்துப்போனால், இதே குழு சோல் இசையின் பக்கம் இன்னும் சாய்ந்து 2011இல் வெளியிட்ட 'கோ-கோ பூட்ஸ்' இருக்கிறது. டக்கர் அந்த ஆல்பம் வெளிவந்த ஆண்டிலேயே குழுவை விட்டு விலகினார், நெஃப் அதற்கடுத்த ஆண்டு. ஆகவே இந்தக் குறிப்பிட்ட ஒலிக்கலவையை மேற்கொண்டு தேடுபவர்கள் இந்த இரண்டு ஆல்பங்களுக்கும், இடையில் 2010இல் வந்த, கிட்டார் ஓசை மீண்டும் உயர்ந்த 'தி பிக் டு-டூ'வுக்கும் வெளியே போக வேண்டியிராது.